வாசகர் கேள்வி பதில்: ராக்கெட்டால் பறந்த போர் விமானம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ராக்கெட் எஞ்சின் பூட்டிய போர் விமானத்தைப் பறக்கவிட்டதாகப் படித்தேன். அவ்வளவு வேகமான விமானம் ஏன் எடுபடவில்லை? (வாசகர், காரைக்குடி)

பதில்: அலெக்சாண்டர் லிப்பிஷ் வடிவமைத்த மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163 'கோமெட்' விமானத்தின் வேகத்தில் ஐயமே இல்லை. 1941 அக்டோபர் 2 அன்று அதன் சோதனை வடிவத்தில் ஹைனி டிட்மர் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டினார். அதற்குப் பெருமை தந்ததும் அதைக் கெடுத்ததும் எரிபொருளே. மருந்துக்கடையில் வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு காயத்தில் பட்டதும் வெண்ணுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய 3 சதவீதக் கரைசல். கோமெட்டில் நிரப்பியதோ 80 சதவீதக் கரைசல். மெத்தனாலும் ஹைட்ரசீன் ஹைட்ரேட்டும் கலந்த இன்னொரு திரவத்தோடு சேர்ந்த கணமே, தீப்பொறி இல்லாமல் அது தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டையும் தனித்தனி வண்டிகளில் கொண்டுவந்து, ஒன்றை நிரப்பியதும் சிந்தியதை நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகே மற்றதை நிரப்பினார்கள். பெராக்சைடுத் தொட்டிகளுள் இரண்டு விமானியின் இருக்கைக்கு இருபுறமும் இருந்தன. கசிந்தால் தோல் வெந்துபோகும்.

இத்தனைக்கும் கிடைத்தது ஏழெட்டு நிமிட உந்துதல் மட்டுமே. சுமார் மூன்றரை நிமிடத்தில் 12,000 மீட்டர் உயரம் ஏறிவிடும். எரிபொருள் தீர்ந்ததும் கிளைடராகத்தான் இறங்கியாக வேண்டும். புறப்படும்போதே சக்கரங்களைக் கழற்றிவிடுவதால், அடியிலுள்ள சறுக்குக்கட்டையில் உராய்ந்து நின்று, இழுத்துச்செல்ல வண்டி வரும் வரை திடலிலேயே கிடக்கும். எதிரி விமானங்கள் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தன. குண்டுவீச்சு விமானத்தை மிகையான வேகத்தில் நெருங்கியதால் சுடுவதற்கு இரண்டு மூன்று விநாடிகளே வாய்த்தன. 300க்கு மேல் கட்டியும், வீழ்த்தியவை இருபதை எட்டவில்லை. அந்தப் பொறியியலை நான் மனமார வியக்கிறேன். அதற்காக விமானிகளின் உயிரைப் பணயம் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எங்கள் ஐயா போர்க்காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் இருந்தவர். அங்கே ஜப்பானியரிடம் இத்தகைய விமானம் இருந்ததா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: விமானம் இல்லை, ஆனால் அதன் வரைபடங்கள் சிங்கப்பூர் வழியாகத்தான் சென்றன. பிரான்சின் லோரியாங் துறையிலிருந்து அவற்றோடு கிளம்பிய ஐ-29 நீர்மூழ்கிக் கப்பல் 1944 ஜூலையில் அங்கே வந்தது. 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே நேதாஜியை ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஏற்றிக்கொண்டதும் இதே கப்பல்தான் என்பதை உங்கள் ஐயா அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஓர் அதிகாரி ஆவணங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு விமானத்தில் ஜப்பான் சென்றார்; ஜூலை 26 அன்று அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று லூசோன் நீரிணையில் ஐ-29 கப்பலை மூழ்கடித்தது. எஞ்சிய தாள்களைக் கொண்டே ஜப்பான் 'சூசுய்' விமானத்தைக் கட்டியது. 1945 ஜூலை 7 அன்று எஞ்சினுடன் முதன்முறை எழும்பியபோது எரிபொருள் வரத்து தடைப்பட்டு அது விழுந்தது. விமானி மறுநாள் உயிர்நீத்தார்.