நுரைச்சுப் போன தக்காளி சாஸும் பாதி வாளி தோலும் – வாசகர் கடிதம்

வணக்கம்க்கா,

மாடில பிகேஎம் தக்காளி வச்சிருக்கேன், எல்லாம் ஒரே நேரத்துல பழுத்துத் தள்ளிடுச்சு. நாலு கிலோவ வெங்காயம் பூண்டு போட்டு சாஸ் பண்ணி பாட்டில்ல ஊத்தி அலமாரில வச்சேன். ஒரு வாரம் கழிச்சு மூடியத் திறந்தா டுஸ்னு சத்தம், மேல நுரை. பாட்டில வெந்நீர்ல போட்டுத்தான் கழுவினேன், அப்புறம் ஏன் இப்படி? இன்னொண்ணு, தோல், விதை, வடிஞ்ச தண்ணின்னு பாதி வாளி வீணாப் போச்சு. நம்ம கையால வளத்தத கொட்ட மனசே வரலக்கா. அதை வச்சு எதுனா பண்ண முடியுமா?

– ஒரு வாசகி, திருச்சி

வணக்கம்மா,

முதல்ல அந்த பாட்டிலக் கொட்டிருங்க. திரும்பக் கொதிக்க வச்சா சரியாகுமான்னு யோசிக்கவே வேணாம், நாக்குல தொட்டும் பாக்காதீங்க. நுரை அனேகமா ஈஸ்ட் வேலை. பாட்டில மட்டும் கழுவிட்டாப் போதாது, சாஸ ஊத்தி மூடுனதுக்கப்புறம் பாட்டிலோட சேத்து மறுபடி தண்ணில முக்கி ரொம்ப நேரம் கொதிக்க விடணும். அதவிட முக்கியம் புளிப்பு. தக்காளின்னாலே புளிப்புதானேன்னு நினைக்கிறோம், ஆனா நல்லா கனிஞ்ச பழத்துல பிஹெச் (புளிப்ப அளக்குற எண், இது ஏற ஏற புளிப்பு குறையும்) சில சமயம் 4.6அ தாண்டிரும், அப்படித் தாண்டுனது காத்துப் புகாத பாட்டில்ல வெளிய இருந்தா பாட்டுலிசம்ங்கிற, உயிருக்கே ஆபத்தான விஷத்த உண்டாக்குற கிருமி வளர வழி இருக்கு, அது வந்தா நுரையோ நாத்தமோ காட்டிக் குடுக்கும்னு நம்பவே முடியாது. அமெரிக்க விவசாயத் துறை வெறும் தக்காளிக்கே ஒரு லிட்டர் ஜாடிக்கு 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு இல்லன்னா அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேக்கச் சொல்லுது, அந்தச் சாறும் கடைல விக்கிற பாட்டில் சாறு, ஏன்னா பிழியிற பழத்துல புளிப்பு ஒண்ணுக்கொண்ணு மாறும். நீங்க வெங்காயம் பூண்டு வேற போட்டிருக்கீங்க, அப்ப இந்தக் கணக்கும் செல்லாது. அங்கல்லாம் அதுக்குன்னே ஜாடியும் மூடியும் விக்கிறாங்க, நாம காலி ஜாம் பாட்டில வச்சுக்கிட்டு அந்த விளையாட்டுக்குப் போக வேணாம். அடுத்த தடவ சாஸ் பண்ணா ஆற வச்சு ஐஸ் ட்ரேல ஊத்துங்க, கட்டியானதும் எடுத்து கவர்ல போட்டு ஃப்ரீசர்லயே வைங்க. வேணுங்கிறப்ப ரெண்டு கட்டி, அவ்ளோதான்.

இப்ப அந்த பாதி வாளிக்கு வரேன். பிகேஎம் 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில அன்னஞ்சி நாட்டுத் தக்காளிலேர்ந்து கொண்டு வந்த ரகம், தட்டை உருண்டையா, காம்புகிட்ட பச்சையா, உள்ள சாறும் விதையுமா இருக்கும். இத்தாலிக்காரங்க சாஸுக்குப் போடுற சான் மர்சானோ நீளமா சதைப்பிடிப்பா விதை கம்மியா இருக்கும். தக்காளில நூத்துக்கு 94, 95 பங்கு தண்ணிதான், அதுலயும் நம்ம பழத்த கடை கெச்சப் மாதிரி கெட்டியாக்கணும்னு நின்னா கேஸ்தான் தீரும். கொஞ்சம் தளர்வா இருந்தா என்ன இப்போ?

தோல எதுக்கு உரிச்சீங்கன்னும் எனக்குப் புரியல. வேகவச்சு ஆறினதும் மிக்ஸில விட்டு விட்டு ரெண்டு ஓட்டு ஓட்டினா தோலும் சேந்து அரைஞ்சுரும், ரொம்ப நேரம் ஓட்டினா மட்டும் விதை உடைஞ்சு லேசா கசக்கும். விதையச் சுத்தி இருக்கிற வழவழப்புல சதையவிட குளுட்டமேட் ஜாஸ்தின்னு 2007ல இங்கிலாந்து ரெடிங் பல்கலைக்கழகத்துல அளந்தே சொல்லியிருக்காங்க, நாக்குல நிக்கிற அந்த ருசிக்கு காரணமே குளுட்டமேட்தான். அத வாளில ஊத்திட்டு சாஸ் சப்புனு இருக்குன்னா என்ன பண்றது!

வடிஞ்ச தண்ணி அப்படியே ரசம். புளியே வேணாம், மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, பச்சை வாசம் போக ஒரு கொதி விட்டு, பருப்புத்தண்ணி ஊத்தி நுரை கட்டுறப்ப இறக்கிருங்க, இந்த நுரைக்கு பயப்பட வேணாம். உரிச்ச தோல் இருந்தா ரெண்டு வழி. உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகாய் வறுத்து தோலையும் எண்ணெய்ல சுருள வதக்கி அரைச்சா துவையல். இல்லன்னா தட்டுல பரப்பி மேல துணி கட்டி உங்க திருச்சி வெயில்ல போடுங்க, கைல எடுத்தா நொறுங்கணும், வளையுதுன்னா ஈரம் இருக்குன்னு அர்த்தம், அந்தப் பதத்துல பொடி பண்ணா பூசணம் பிடிச்சிரும். நல்லா காஞ்சத உப்பு போட்டுப் பொடிச்சு பருப்புப் பொடில கலந்து பாருங்க, அப்புறம் தோலுக்குன்னே தக்காளி உரிப்பீங்க.

விதையும் கொஞ்சம் எடுத்து வைங்க. பிகேஎம் ஹைபிரிட் இல்ல, அதனால விதைல வர்ற செடியும் அதே மாதிரிதான் காய்க்கும். வேகவைக்கிறதுக்கு முன்னாடி பழத்த அறுத்து சாறோட விதைய டம்ளர்ல வழிச்சு ரெண்டு மூணு நாள் விடுங்க, மேல வெள்ளையா ஆடை கட்டி கொஞ்சம் நாறும், அதுதான் பதம், வழவழப்பு கரைஞ்சு நல்ல விதை அடில தங்கிரும். அலசி பீங்கான் தட்டுல நிழல்ல காய வைங்க, பேப்பர்ல போட்டா ஒட்டிக்கும். மிச்சம் சக்கை இருந்தா உரத்தொட்டில போடலாம், ஆனா அந்த உரத்தப் போட்ட கத்திரித் தொட்டிலயும் தக்காளி முளைக்கும், பிடுங்கிக்கிட்டே இருக்கணும். நோய் வந்த செடியோட இலையும் பழமும் அதுல சேத்துராதீங்க. விதைக்கு எடுக்கிறதும் நல்லா காய்ச்ச, இலை சுருளாத செடிலேர்ந்தா இருக்கட்டும். சித்திரை வெயில்ல பூ கொட்டிரும், பிஞ்சு பிடிக்காது, ஆடில போடுங்க.