பெண் கலைஞர்கள் வீட்டைப் பற்றிச் செய்யும் துணிச் சிற்பங்கள் ஆறுதல் தருவதற்காகவா?

தொடுவதற்கு மென்மையாக இருப்பதாலேயே இவை ஆறுதலுக்கானவை என்று கொள்ளலாமா என நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நானும் துணியில் உருவங்கள் செய்பவள். அப்படிக் கொள்வது இக்கலையின் வலுவான பாதியை விட்டுவிடுவதாகும் என்றே கருதுகிறேன். போர்த்திக் காக்கும் துணியே இறுக்கிக் கட்டவும் செய்யும் என்பதை அறிந்தவர்கள்தாம் இதன் சிறந்த படைப்புகளைச் செய்திருக்கிறார்கள்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சிற்பி லூயிஸ் பூர்ஷுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திய குடும்பத்தில் 1911இல் பிறந்த அவர், 1940களில் தலை இருக்கவேண்டிய இடத்தில் வீடு அமர்ந்திருக்கும் பெண்ணுடல்களை ஓவியமாகத் தீட்டினார். முதுமையில், தாம் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டிச் சிற்பங்களாகத் தைக்கத் தொடங்கியவர், 2001இல் அதே கருவுக்குத் திரும்பி, தலையும் கைகால்களும் இல்லாமல் படுத்திருக்கும் ஒரு துணி உடலின் மேல் வீட்டை எழுப்பினார். அந்த வீடு அவளிடமிருந்து முளைத்ததா, அவளை அழுத்துகிறதா என்பதை அவர் தீர்த்துச் சொல்லவில்லை. தையல்களும் மறைக்கப்படவில்லை. காயத்தை மூடும் தையலையும் துணியை இணைக்கும் தையலையும் ஒரே ஊசி போட்டதுபோல் தோன்றச் செய்தது, என் பார்வையில், அவருடைய பெரிய சாதனை.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா வேறொரு வழியில் சென்றார். ஆண்குறி வடிவில் பஞ்சடைத்துத் தைத்த எண்ணற்ற துணி உருப்படிகளால் 1962இல் கைப்பிடிகள் கொண்ட ஒரு மெத்தை நாற்காலியை மூடினார். ஓய்வுக்கென்று வீட்டில் இருக்கும் பொருள் அமர முடியாததாயிற்று. தமக்கு அச்சமூட்டிய வடிவத்தையே மீண்டும் மீண்டும் செய்து அந்த அச்சத்தைக் கடக்க முயன்றதாக அவர் கூறியிருக்கிறார். மனப் பாதுகாப்பு என்பதை அவர் செய்து செய்து பெறவேண்டிய ஒன்றாக நடத்தினார்.

இதற்கு மாறாக, 1972இல் லாஸ் ஏஞ்சல்சில் பெண் கலைஞர்கள் ஒரு பழைய மாளிகை முழுவதையும் படைப்பாக்கிய ‘உமன்ஹவுஸ்’ கண்காட்சியில், ஃபெய்த் வைல்டிங் நூலாலும் கயிற்றாலும் பின்னிய கூடு பார்வையாளர் உள்ளே நுழையக்கூடியதாக இருந்தது. ஆறுதல் இங்கே உண்டு. ஆனால் அந்தக் கூடு சுவரைப்போல் மூடியதன்று, இழைகளுக்கிடையே வெளி தெரியும் வலை. உள்ளிருப்பவர் தன்னைச் சூழ்ந்திருப்பதையும் காணலாம், வெளியேறும் வழியையும் காணலாம். நான் நம்பும் பாதுகாப்பு இந்த வகைதான்.