கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் களைக்கொல்லி போகுமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றைச் சுற்றி மக்காச்சோளக் காடு. விதைத்ததும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் கலங்குகிறது; காய்ச்சிக் குடிக்கிறோம். மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. பயப்பட வேண்டுமா?

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், களைக்கொல்லி போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். மகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் கொடுங்கள். குளிக்க, துவைக்கக் கிணற்று நீர் போதும்.

மக்காச்சோளத்துக்கு விதைத்த சில நாளில் அடிப்பது பெரும்பாலும் அட்ரசின். அது மண்ணில் இறுக ஒட்டாது. அடித்த கையோடு கனமழை பெய்தால் ஒரு பங்கு ஓடும் நீரோடு வரும், ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி ஊற்றில் சேரும். படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் நேர்மாறு. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், மண் அரித்து வந்தால்தான் கிணற்றுக்கு வரும். ஆகவே கலங்கல் தெளிந்தால் எமாமெக்டின் விஷயத்தில் ஆறுதல். அட்ரசின் தெளிந்த நீரிலும் இருக்கும்.

என் பெரிய சந்தேகம் காட்டின் மேல் அல்ல, கிணற்று மேட்டின் மேல். அங்கே மருந்து கலக்குகிறார்களா? 50 சதவீத அட்ரசின் தூள் 5 கிராம், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் உள்ள கிணற்றில் விழுந்தால் லிட்டருக்கு 25 மைக்ரோகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் அனுமதிப்பது 2. கலக்குவதும் டேங்க் கழுவுவதும் காட்டுக்குள்ளேயே நடக்கட்டும். மருந்து டேங்கில் கிணற்று நீர் நிரப்பும் ஓஸின் முனை டேங்க் நீரில் முங்கக் கூடாது. மோட்டார் நின்றதும் மருந்துத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பலாம்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் களைக்கொல்லியைக் காட்டாது. மருந்தடித்த பின் வரும் முதல் கனமழை முடிந்ததும், ஆய்வகம் தரும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று பெயர் சொல்ல வேண்டும். கார்பன் வடிகட்டி அட்ரசினைப் பிடிக்கும், ஆனால் நிரம்பிய பின் விட்டுவிடும். கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்றுங்கள்.

இத்தகைய அளவில் உடனே வாந்தி மயக்கம் வராது. இதுவரை குடித்ததற்காகக் கூடுதல் ஸ்கேன் வேண்டாம். கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனையும் வீண். அது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் பூச்சிமருந்துகளுக்கானது.

தண்ணீரைச் சோதிக்கும்போது நைட்ரேட்டையும் சேர்த்துப் பாருங்கள். யூரியா போடும் காட்டுக் கிணறுகளில் அது ஏறியிருக்கலாம். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.