உப்புக்காற்றும் கழல மறுக்கும் போல்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, தனுஷ்கோடி மணலிலும் கடல்நீரிலும் ஓடிய பழைய ஜீப் ஒன்றை வாங்கி, சேசிஸ் வரை பிரித்துச் சீரமைத்து வருகிறேன். பாடி போல்ட்டுகளும், கமான் பட்டையைப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகளும் அசைய மறுக்கின்றன. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்ததில் ஒரு போல்ட்டின் தலை முறிந்துவிட்டது. என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், பாம்பன்

பதில்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். யு போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கியதில் நீண்டுவிடுபவை; கழற்றியதை மீண்டும் பூட்டக் கூடாது என்பதால், அவற்றோடு மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் நட்டை அறுத்துவிடலாம். சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சைத் தனியே ஜாக்கியால் தாங்கிய பிறகே அறுக்க வேண்டும். பொறுமை தேவைப்படுவது பாடி போல்ட்டுகளுக்குத்தான். அவற்றுள் சில, கை நுழையாத இடத்தில் தகட்டோடு பற்றவைத்த நட்டில் ஏறியிருக்கலாம். அந்த நட்டு பிய்ந்து உள்ளேயே சுழலத் தொடங்கினால், சில ரூபாய் போல்ட்டுக்காகத் தகட்டை வெட்ட நேரும்.

துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. மரைகளின் இடுக்கு இறுகிப்போவது அதனால்தான். உங்கள் கடற்கரையில் அந்தத் துருவுக்குள் உப்பும் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, உவர்ப்பில்லாத நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் விரைவில் காய்ந்துவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை மாலையில் அடித்து, போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டுத் தட்டி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மறுபடியும் அடிப்பது நல்லது.

திருகுவதற்குப் பன்னிரண்டு முனை சாக்கெட்டைவிட ஆறு முனை சாக்கெட்டே ஏற்றது. அது தலையின் மூலைகளைத் தேய்க்காது. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். ‘டக்’ என்ற ஓசையோடு அசைந்தால் துருவின் பிடி விட்டது என்று கொள்ளலாம். கால் சுற்று வெளியே, சற்று உள்ளே, மீண்டும் எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். ஓசையே இல்லாமல் ரப்பர் போல இளகித் திரும்புகிறதா, உடனே கையை எடுத்துவிடுங்கள். போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அடுத்த இழுப்பில் முறிந்துவிடும். நீட்டிய பைப், கைக்குத் தெரிய வேண்டிய இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதே அதன்மேல் எனக்குள்ள குறை.

அதற்கும் மசியாவிட்டால் கேஸ் வெல்டிங் சூடு. போல்ட்டை விட்டு நட்டைச் சூடாக்க வேண்டும். நட்டு விரியும்போது பிடி தளரும். சூடு சற்றுத் தணிந்ததும் மரையில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே இறங்கும். எண்ணெயை முழுவதும் துடைத்து, பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ரப்பர் புஷ் ஆகியவற்றை அகற்றிய பிறகே நெருப்பைக் கொண்டுவர வேண்டும். துத்தநாகம் பூசிய போல்ட்டாக இருந்தால் அதன் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

முறிந்த தண்டு சிறிதேனும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் புதிய நட்டு ஒன்றை வைத்து உட்புறம் வெல்டிங் செய்யுங்கள். சூடும் பிடியும் ஒருசேரக் கிடைக்கும். மட்டத்தோடு முறிந்திருந்தால், நடுவில் பஞ்ச் அடித்துத் துளையிட்டு எடுக்க வேண்டும். அந்தத் துளைக்குள் திருகி முறிந்த தண்டை வெளியே எடுக்கும் ‘ஈஸி அவுட்’ கருவி உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது; ஆகவே அதை நான் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன்.

ஒரு செய்தி கூடுதலாக: பழைய ஜீப்புகள் சிலவற்றில் இடப்புறச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை இருக்கும். கழற்றுவதாக எண்ணி இறுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் ஸ்கூட்டர் என்ஜின் மூடியின் ஸ்குரூக்கள் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிட்டன, ஒன்றின் தலையும் வழுக்கத் தொடங்கிவிட்டது.
– வாசகி, தொண்டி

பதில்: அந்தப் பொடி அலுமினியம் அரித்ததால் வந்தது. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே ஹீட் கன் சூடு போதும், நெருப்பு வேண்டாம். பிறகு சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். அடி, தலையிலிருந்து முனை வழுக்காமல் அழுத்திப் பிடிக்கும். மாற்றாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போட விரும்பினால், உப்பு ஈரத்தில் அது அலுமினியத்தை இன்னும் விரைவாக அரிக்கச் செய்யும் என்பதால், மரை இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைப் பூசாமல் போடாதீர்கள்.