ஸ்னோவும் சின்னப் பிள்ளைகளும்: கேள்வி பதில்

கனடாவின் டொரொன்டோவில் உள்ள ஸ்காபரோவில் ஒரு டே கேரில், ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையான பிள்ளைகளின் அறையில் 14 வருடமாக வேலை செய்கிறேன். ஒரு ஆசிரியைக்கு 5 பிள்ளைகள். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவர்களை உடுத்தி வெளியே கொண்டுபோய், திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

மகனுக்கு 3 வயது. ஸ்னோ பேன்ட்ஸ், ஜக்கெட் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் "ஒண்டுக்கு வருது" என்கிறான். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பிந்துகிறேன். (மார்க்கம்)

தங்கச்சி, இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அவனிடம் "வருதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வான். கேட்காமலே டொய்லெட்டில் இருத்துங்கள். அதற்குப் பிறகு ஸ்னோ பேன்ட்ஸ், அடுத்தது பூட்ஸ். ஜக்கெட்டை முதலில் போட்டால் அவனால் குனிய முடியாது, பூட்ஸ் மாட்டுவது உங்கள் வேலையாகிவிடும். ஸ்னோ பேன்ட்ஸின் உள்ளே இலாஸ்டிக் வைத்த இன்னொரு மடிப்பு இருக்கும். அதைப் பூட்ஸுக்கு மேலே இழுத்துவிட்டால் ஸ்னோ உள்ளே போகாது. அநேகமான பெற்றோர் அதைக் கவனிப்பதே இல்லை.

ஜக்கெட்டுக்கு எங்கள் அறையில் ஒரு வழி இருக்கிறது. ஜிப்பைத் திறந்து, உள்பக்கம் மேலே தெரிய ஜக்கெட்டைத் தரையில் விரியுங்கள். தொப்பிப் பக்கம் பிள்ளையின் கால்விரலைத் தொட வேண்டும். அவன் குனிந்து இரண்டு கைகளையும் ஜக்கெட்டின் கைகளுக்குள் விட்டு, தலைக்கு மேலால் தூக்கிப் போட வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைகளே ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். முதல் தடவை சரியாக வந்ததும் அந்த முகத்தில் வரும் சிரிப்பை நான் இன்னும் காத்திருந்து பார்க்கிறேன். மணிக்கட்டைத் தாண்டும் நீளமான மிட்ஸ், அதாவது கையுறை, என்றால் ஜக்கெட்டுக்கு முன்பே போடுங்கள், கட்டை மிட்ஸ் கடைசியில். நீங்கள் முதலே உடுத்திக்கொண்டு நில்லுங்கள். அவன் முழு உடுப்போடு வீட்டுக்குள் வியர்த்தால், அந்த ஈரம் வெளியே போனதும் குளிராக மாறும். தடித்த உடுப்பைவிடக் காய்ந்த உடுப்புத்தான் பிள்ளையைக் காப்பாற்றும்.

காரில் பிள்ளைகளுக்கென்று பூட்டும் கார் சீட்டில் மகளை ஸ்னோ ஜக்கெட்டோடு இருத்தலாமா? கழற்றினால் அழுகிறாள். (பிராம்ப்டன்)

வேண்டாம், தங்கச்சி. அழுதாலும் கழற்றுங்கள். ஜக்கெட்டின் பஞ்சு காற்றால் உப்பியிருக்கிறது. விபத்து நடந்தால் அந்தப் பஞ்சு ஒரு நொடியில் அமுங்கிவிடும். இறுக்கமாக இருந்த பெல்ட் தளர்ந்து, பிள்ளை வெளியே தூக்கி வீசப்படலாம். இன்றைக்கே வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். ஜக்கெட்டோடு இருத்திப் பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட்டைத் தளர்த்தாமல் பிள்ளையை எடுத்து, ஜக்கெட்டைக் கழற்றி, மறுபடி இருத்தி மாட்டுங்கள். தோளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே உங்கள் கை முழுதும் போகும் இடைவெளியைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்த ஒரு தகப்பன் எங்கள் வாசலிலேயே பேச்சில்லாமல் நின்றார்.

கம்பளி போன்ற மெல்லிய ஃபிளீஸ் சட்டை ஒன்று போட்டு, பெல்ட்டை மாட்டி, தோள் எலும்புக்கு மேலே பெல்ட்டைக் கிள்ளிப் பாருங்கள். கிள்ள முடியாவிட்டால் சரி. அதற்கு மேல் போர்வையைப் போடலாம், அல்லது ஜக்கெட்டைப் பின்பக்கம் முன்னால் வரக் கைகளில் மாட்டிவிடலாம். கார் சீட்டோடு வராத, முதுகுக்குக் கீழே விரிக்கும் பைகளை வாங்க வேண்டாம்.

பேரனுக்கு 20 மாதம். இந்தக் குளிரிலும் டே கேரில் வெளியே கொண்டுபோகிறார்கள். சளி பிடிக்காதா? நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான்.

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. என் அம்மாவும் இதையேதான் சொன்னார். சளி வருவது வைரஸால். பூட்டிய அறைக்குள் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும்போதுதான் அது கூடப் பரவுகிறது. ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற டே கேரில் 6 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும் பிள்ளை, காலநிலை இடம் கொடுத்தால் 2 மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கம் சொல்லும் எல்லை இது: வெப்பநிலை -25 பாகைக்குக் கீழே போனால், அல்லது காற்றோடு சேர்ந்த குளிர், அதாவது விண்ட் சில், -28ஐத் தொட்டால் பிள்ளையை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். உங்களை விட ஒரு அடுக்குக் கூடுதலாக அவனுக்குப் போடுங்கள். கழுத்துக்குச் சால்வை வேண்டாம், சறுக்கு மரத்தில் மாட்டி இறுகலாம். கழுத்தைச் சுற்றி மூடும் நெக் வார்மர் போடுங்கள்.

மகள் விரல் நுனி வெளிறிப்போய், "தொட்டாலும் தெரியவில்லை" என்றாள். தேய்த்துவிட்டேன். சரியா? (கோயம்புத்தூரிலிருந்து வந்து இது முதல் வின்டர்)

தேய்க்கக் கூடாதம்மா. குளிரில் உறையத் தொடங்கிய தோல் தேய்த்தால் இன்னும் காயப்படும். உள்ளே கொண்டுவந்து, ஈர மிட்ஸைக் கழற்றி, உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். சூடு தண்ணீர் கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சாம்பல் நிறமோ மெழுகு போன்ற வெளிறலோ வருகிறதா என்று பாருங்கள். உணர்வும் நிறமும் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 811ஐ அழைத்தால் எந்த நேரமும் தாதி ஒருவர் கதைப்பார்.

ஸ்னோ தள்ளும்போது பிள்ளைகளைச் சூடான காருக்குள் இருத்திவிட்டுத் தள்ளுகிறேன். (அஜாக்ஸ்)

தம்பி, இதை நிறுத்துங்கள். காரின் பின்னால் உள்ள சைலன்சர் குழாயை ஸ்னோ மூடியிருந்தால் புகை காருக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் குழாயைச் சுற்றித் துப்புரவாக்குங்கள், பிறகு எஞ்சினைப் போடுங்கள், பிள்ளைகள் கடைசியில். கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்குவதும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். தெருவில் ஸ்னோ தள்ளும் பிளவ் வண்டி குவித்த ஸ்னோ மலையில் பிள்ளைகள் குகை தோண்டவும் விடாதீர்கள். அது இடிந்து மூடும், பிளவ் ஓட்டுபவருக்கு உள்ளே பிள்ளை இருப்பதும் தெரியாது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வின்டரில் விட்டமின் டி வேண்டுமா?

வின்டர், சம்மர் எல்லாவற்றிலும் வேண்டும். ஒரு நாளைக்கு 400 ஐ.யு. (விட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). துளி மருந்தாகக் கிடைக்கும். உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள்.

குளிரில் உறைந்த கம்பியில் பிள்ளையின் நாக்கு ஒட்டிவிட்டால்?

இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள், தானாக விடும்.

இந்த மாதம் மூன்றாவது ஜோடி மிட்ஸ் தொலைந்துவிட்டது. (ஸ்காபரோ)

ஒரே நிறத்தில் மூன்று ஜோடி வாங்குங்கள், ஒன்று தொலைந்தாலும் மீதி ஜோடி சேரும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள். இரண்டு மிட்ஸையும் இணைத்துக் கழுத்தால் போகும் கயிறு வேண்டாம், ஜக்கெட் கையில் மாட்டும் கிளிப் போதும். இன்னொரு ஜோடியை டே கேர் பைக்குள் எப்போதும் வையுங்கள், காலையில் நனைந்தது பின்னேர விளையாட்டுக்கு முன் காயாது. இரவில் பூட்ஸின் உள்ளே இருக்கும் லைனர் உறையை இழுத்தெடுத்துக் காயவையுங்கள். லைனர் கழலாத பூட்ஸ் என்றால், தபாலில் வரும் ஃபிளையர் விளம்பரத் தாள்களைக் கசக்கி உள்ளே திணித்துவிடுங்கள். விடிய ஈரத்தை அது குடித்திருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் தொலைந்த பொருள் பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள், நேற்று அதில் 11 மிட்ஸ் கிடந்தன.