பெரெம்பாங் மரமும் பத்துமலை வௌவால்களும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் குடும்பத்துடன் கோல சிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானுக்குச் சென்று மின்மினிகளைப் பார்த்தோம். அவை கூடுவது பெரெம்பாங் மரத்தில் என்று படகோட்டி சொன்னார். மின்மினிக்கு இடம் தருவதைத் தவிர இந்த மரத்தால் வேறு பயன் உண்டா? இதை வெட்டிய இடத்தில் பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தின் கன்றுகளை நட்டால் ஈடாகிவிடாதா?

வாசகர், கிள்ளான்

அன்புள்ள நண்பருக்கு,

ஈடாகாது. பெரெம்பாங்கின் பூந்தேனை நம்பி வௌவால்களும் வாழ்கின்றன. ஆற்றோரத்துப் பெரெம்பாங்கும் கடல்முகச் சேற்றில் முதலில் வேர்விடும் பெரெபாட்டும் சொன்னரேசியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. (புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் சொன்னராவின் பெயரால் 1782இல் வழங்கப்பட்ட பெயர் அது.) பாக்காவ் வேறு குடும்பம், அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றே கொண்டுபோவதால், வௌவாலுக்குத் தருவதற்கு அதன் பூவில் ஏதுமில்லை. சொன்னரேசியாவின் பூவோ அந்தியில் விரிந்து, தூரிகைபோல் அடர்ந்த மகரந்தத் தாள்களை நீட்டி, இரவில் ஏராளமாகத் தேன் சுரக்கிறது.

அந்தத் தேனை நாடி வருவனவற்றுள் முதன்மையானது குகைகளில் வாழும் தேனுண்ணி வௌவால். தைப்பூசத்தன்று நாம் படியேறும் பத்துமலையின் இருட்டுக் குகையில் அது பெருங்கூட்டமாக வாழ்கிறது. அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடலோரச் சதுப்புக்காடுகள் வரை அது இரை தேடிச் சென்று திரும்புவதை 1970களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். டுரியான் பூவுக்கும், பெத்தாய் என்ற அவரையினக் காய்மரத்தின் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பது இதே வௌவால்தான். ஆனால் டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். எஞ்சிய மாதங்களில் இந்த வௌவால் பட்டினியின்றி இருப்பதற்கு, ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பூக்கும் சொன்னரேசியா மரங்கள் பெரிதும் உதவுகின்றன. கடலோரத்தில் அவற்றை அழித்தால், இழப்பு உள்நாட்டு டுரியான் தோட்டங்கள் வரை எட்டக்கூடும் என்பது இதனால்தான். காலையில் மரத்தடியில் கிடக்கும் பூவிதழ்களைப் பார்த்து வௌவால்மேல் பழிபோட்டு வலைகட்டும் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். டுரியான் பூவின் இதழ்களும் தாள்களும் ஒரே இரவில் தாமாகவே உதிர்பவை என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

மின்மினியைப் பொறுத்தவரை, நீங்கள் கண்டவை இணைதேடி இலைகளில் கூடும் வளர்ந்த பூச்சிகள். அவற்றின் புழுக்கள் மரத்துக்குப் பின்னாலுள்ள ஈரக் கரையில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. எனவே மரத்தை மட்டும் விட்டுவைத்து, கரையைச் செம்பனைக்காக வெட்டித் திருத்தினால் பயனில்லை.

பாக்காவ் நடுவது தவறென்று நான் சொல்லவில்லை. அதன் முளைவிட்ட நீண்ட காயைச் சேற்றில் செருகினாலே போதும் என்பதால், நடுவோர் அதையே விரும்புகிறார்கள். இருந்தாலும் உப்புக் குறைந்த ஆற்றோரமானால் பெரெம்பாங், கடலைப் பார்த்த சேறானால் பெரெபாட் என்று கேட்டு வாங்கி நடுவதே பொருத்தம்.