சேவியரும் எச்செவெரியாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பெயர் சேவியர், தாத்தா சவரிமுத்து. என்னோடு வேலை பார்க்கும் சிலி நாட்டுக்காரரின் குடும்பப்பெயர் எச்செவெரியா. முன்னோர்கள் ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் நாட்டிலிருந்து போனவர்களாம். “உன் பெயரும் என் பெயரும் ஒன்றுதான்” என்று அடித்துச் சொல்கிறார். கேலி செய்கிறாரா? நிஜமென்றால், எச்செவெரியாக்கள் எல்லாரும் ஒரே குலமா?

சே., தூத்துக்குடி

அன்புள்ள சே.,

கேலி இல்லை, அவர் சொல்வது சரி. பாஸ்க் மொழியில் எச்செ என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. எச்செபெர்ரியா, அதாவது புதுவீடு. வட ஸ்பெயினின் நவார்ராவில் ஒரு கோட்டைக்கும் இதே பெயர். லத்தீன்வழி மொழி பேசிய அக்கம்பக்கத்தார் வாயில் அது முன்னெழுத்தை இழந்து ஷவியேர் ஆனது. போர்த்துகீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்து சவேரியார், சவரிமுத்து, சவரியம்மாள் என்று பெருகியது.

1506-இல் அந்தக் கோட்டையில் பிறந்தவர்தான் புனித சவேரியார். அப்பா ஹுவான் தெ ஹாஸ்ஸோ. கோட்டையோ அம்மா மரியா தெ அஸ்பில்குவேத்தா வழி வந்த சொத்து. அண்ணன் ஒருவர் அம்மாவின் பெயரான அஸ்பில்குவேத்தாவை வைத்துக்கொண்டார், தம்பிக்குக் கோட்டையின் பெயர் நிலைத்தது. நம் இனிஷியல் கணக்குக்கு இதெல்லாம் அடங்காது. முத்துக்குளித்துறையில் பட்ட பாட்டை 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: இவர்களுக்குத் தாய்மொழி மலபார், எனக்கு பாஸ்க், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்று. மலபார் என்று அவர் சொல்வது தமிழைத்தான்.

குலம் என்று கேட்டால், இல்லை. பாஸ்க் கிராமத்தில் வீடுதான் முதலில், மனிதர் அப்புறம். வீட்டுக்கென்று ஒரு பெயர் உண்டு, குடியிருப்பவரை அதைச் சொல்லியே அழைப்பார்கள். கோவிலில் உட்காரும் இடமும் கல்லறையும்கூட வீட்டைச் சேர்ந்தவை. புதுவீடு எந்த ஊரில்தான் எழாது? அதனால் ஒட்டு உறவு இல்லாத நூறு குடும்பங்களுக்கு ஒரே பெயர். கோய்கோஎச்செயா (மேல்வீடு) என்ற பெயரும் இப்படிப் பிறந்ததுதான்.

வீடும் நிலமும் பெரும்பாலும் ஒரே வாரிசுக்குப் போகும். மற்ற பிள்ளைகள் குருமடத்துக்கோ படைக்கோ கப்பலுக்கோ போனார்கள். அர்ஜெண்டினா, உருகுவே, சிலி எங்கும் இந்தப் பெயர் பரவியது இப்படித்தான். 1970 முதல் 1976 வரை மெக்சிகோ அதிபராக இருந்தவரும் ஒரு எச்செவெரியா, லூயிஸ். பிரான்ஸ் பக்கத்து பாஸ்க்குகளிடம் இது எச்செவெரி. ஸ்பெயின் பக்கத்து பிஸ்காயாவில் பெர்ரியை பர்ரி என்பதால் அங்கே எச்செபர்ரியா. சவர்ரியா என்று தேய்ந்ததும் உண்டு.

நண்பருக்குத் தன் வேர் தெரிய வேண்டுமென்றால் குடும்பப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவதில் பயனில்லை. கப்பலேறிய முன்னோர் எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார் என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பங்குப் பதிவேட்டில் வீட்டின் பெயரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரான்ஸ் பக்கமென்றால் இன்னும் வசதி. அங்கே பல பழைய வீடுகளின் வாசல் நிலைக்கு மேலுள்ள கல்லில் கட்டியவர் பெயரும் ஆண்டும் செதுக்கியிருக்கும்.